பூஜ்யத்துக்குப் பிறகும் உதறும் சக்கரம்

டெல்லி நகருக்குள் ஓடும் கார் தன் டயரின் குறையை வெளியே சொல்லாது. ரிங் ரோட்டில் அறுபதைத் தொடுவதே பெரிய விஷயம். மாலை நேரத்தில் ஐ.டி.ஓ. பக்கமோ ஆஸ்ரம் சந்திப்பிலோ முள் இருபதைத் தாண்டாது. அதே கார் கிரேட்டர் நொய்டாவைக் கடந்து யமுனா எக்ஸ்பிரஸ்வேயில் ஏறி நூறைத் தொட்டதும் ஸ்டீரிங் உதறத் தொடங்கும். புது டயர் போட்டு ஒரு வாரம்கூட ஆகாத வண்டியாக இருந்தால், ஓட்டுகிறவர் முதலில் விலையைக் குறை சொல்வார்: மலிவு டயர், அதான் ஆடுது. டயர் மாட்டிய கடைக்காரர் இயந்திரத்தைச் சாட்சிக்கு அழைப்பார்: பேலன்சிங் போட்டாச்சு, உள்பக்கம் வெளிப்பக்கம் இரண்டும் பூஜ்யம் காட்டியது, இனி என் கையில் ஒன்றுமில்லை. இரண்டு பேருமே பாதிதான் சரி. மலிவு டயரின் உதறலில் பெரும்பங்கு எடைக்குறையால் வருவதில்லை, வட்டக்குறையால் வருகிறது. அதை ஈய எடை ஒட்டித் தீர்க்க முடியாது. ஆனால் அதில் கணிசமான பகுதியை, டயரை ரிம்மில் மாட்டும் விதத்திலேயே தீர்த்துவிடலாம். இதுதான் என் கட்சி.

எடைக்குறை என்ன செய்யும் என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். டெல்லியில் டாக்ஸியாக அதிகம் ஓடும் டிசையர், வேகன் ஆர் போன்ற வண்டிகளின் 14 அங்குலச் சக்கரம், மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்குச் சுமார் 15 சுற்று சுற்றுகிறது. ரிம் விளிம்பில் ஓரிடத்தில் 30 கிராம் கூடுதலாக இருந்தால், அந்த வேகத்தில் அது சக்கரத்தை வெளிப்புறமாக இழுக்கும் விசை ஏறக்குறைய ஐந்து கிலோ எடைக்குச் சமம். வேகம் பாதியானால் விசை பாதியாவதில்லை, கால் பங்காகிவிடும்; ஐம்பதில் அது ஒன்றேகால் கிலோதான். அந்த அளவை ரப்பர் புஷ்களும் ஷாக் அப்சார்பரும் விழுங்கிவிடும். நகருக்குள் டயர் நல்ல பிள்ளையாக இருப்பதன் ரகசியம் இது. இன்னொன்றும் உண்டு. காரின் சக்கரம் தன் இயல்பில் மேலும் கீழும் துள்ளும் அதிர்வு பொதுவாக நொடிக்குப் பத்திலிருந்து பதினைந்து வரை. சக்கரத்தின் சுற்று அந்த எண்ணோடு பொருந்தும் வேகம் எழுபதுக்கும் நூறுக்கும் இடையில் விழுகிறது. அதனால்தான் சில வண்டிகள் தொண்ணூறில் உதறி, நூற்றுப்பத்தில் அடங்கிவிடுகின்றன. அடங்கியது கண்டு குறை தீர்ந்தது என்று நினைத்து இன்னும் மிதிப்பவர்கள் உண்டு. விசை அப்போது கூடியிருக்கிறதே தவிரக் குறைந்திருக்காது.

இனி வட்டக்குறை. காற்றடைத்த சிறு கார் டயரை ஒரு மில்லிமீட்டர் அமுக்குவதற்கு ஏறத்தாழ 15 முதல் 20 கிலோ விசை வேண்டும். டயரும் ரிம்மும் சேர்ந்த சக்கரம் ஓரிடத்தில் ஒரு மில்லிமீட்டர் மேடாக இருந்தால், அந்த மேடு தரையைத் தொடும் ஒவ்வொரு முறையும் அச்சுக்குக் கீழிருந்து அதே அளவு உதை விழும். மேலே சொன்ன 30 கிராமோடு ஒப்பிட்டால் மூன்று நான்கு மடங்கு. மேடே இல்லாமல், கண்ணுக்கு நல்ல வட்டமாகத் தெரியும் டயரிலும் இது நடக்கலாம்: ஒரு பக்கம் விறைப்பாகவும் மறுபக்கம் இளக்கமாகவும் இருந்தால் போதும். பேலன்சிங் இயந்திரமோ சக்கரத்தை அந்தரத்தில் சுழற்றுகிறது. அங்கே தரையும் இல்லை, வண்டியின் பாரமும் இல்லை. எடை எங்கே கூடியிருக்கிறது என்பதை மட்டும்தான் அதனால் சொல்ல முடியும். எங்கே விறைப்பு என்று அதற்குத் தெரியாது. உருளை ஒன்றை டயர்மேல் பாரத்தோடு அழுத்திச் சுழற்றிப் பார்க்கும் இயந்திரங்கள் உண்டு, ஆனால் மலிவு டயர் விற்கும் கடையில் அவற்றைத் தேட வேண்டாம். வட்டக்குறையை எதிரே எடை ஒட்டி அடக்கலாமே என்று கேட்கலாம். ஒரு வேகத்தில் அடக்கலாம், உண்மைதான். எடையின் இழுப்பு வேகத்தோடு ஏறிக்கொண்டே போகும். விறைப்பின் உதையோ பெரும்பாலும் ஒரே அளவில் நிற்கும். எண்பதில் இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டினால் நூற்றிருபதில் எடையே குற்றவாளியாகிவிடும். டெல்லி–மும்பை எக்ஸ்பிரஸ்வேயின் சோஹ்னா–தௌசா பகுதி 2023 பிப்ரவரியில் திறந்த பிறகு நூற்றிருபது என்பது டெல்லிக்காரர்களுக்கு எட்டாத வேகமாக இல்லை.

இந்தக் குறை டயருக்குள் எப்படி வருகிறது என்பதற்குப் பெரிய மர்மம் கிடையாது. ரேடியல் டயர் வார்த்து எடுத்த ஒற்றைப் பொருள் அல்ல. பாலியெஸ்டர் துணி அடுக்கு, இரும்புக் கம்பிப் பட்டைகள், அவற்றின்மேல் நைலான் சுற்று, பக்கச்சுவர், டிரெட் என்று ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றி, ஒவ்வொன்றின் முனையையும் ஒட்டி, பிறகு அச்சில் வேகவைத்து எடுப்பது. ஒவ்வொரு ஒட்டும் கொஞ்சம் தடிமன். கம்பிப் பட்டை நடுவிலிருந்து சற்று விலகினாலும், டிரெட் ரப்பர் ஒரு பக்கம் கனத்து வந்தாலும் விறைப்பு மாறும். எந்தக் கம்பெனியும் இதை முழுக்க ஒழித்ததில்லை. செய்வது தரம் பிரிப்பதுதான்: ஆலையிலேயே டயரைப் பாரத்தோடு சுழற்றி, உதை எவ்வளவு என்று அளந்து, எல்லைக்குள் வருவதையும் வராததையும் பிரிக்கிறார்கள். புதுக் கார் தயாரிப்பவர்கள் கேட்கும் எல்லை இறுக்கமானது. கடைக்கு வரும் டயருக்கு அவ்வளவு இறுக்கம் தேவையில்லை. இந்தியாவில் டயருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம்; 2009ஆம் ஆண்டின் தரக்கட்டுப்பாட்டு ஆணை அதைக் கொண்டுவந்தது, கார் டயருக்கான தரம் ஐ.எஸ். 15633. அளவு சரியா, சொன்ன பாரத்தையும் வேகத்தையும் தாங்குகிறதா என்பதுதான் அதன் அக்கறை. 2022இல் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் சேர்த்த விதிகளும் உருளும் தடை, ஈரச் சாலைப் பிடிப்பு, சத்தம் ஆகிய மூன்றோடு நின்றுகொண்டன. முத்திரை உள்ள டயர் வெடிக்காமல் ஓடும் என்று ஓரளவு நம்பலாம். உதறாமல் ஓடும் என்று அந்த முத்திரை எங்கேயும் வாக்குக் கொடுக்கவில்லை. மலிவு வரிசையில் ஆலை வைக்கும் உதை எல்லை எவ்வளவு தளரலாம் என்பது கம்பெனியின் மனசாட்சிக்கு விட்ட விஷயம்.

டெல்லியில் மலிவு டயர் என்றால் எது என்பதையும் பார்க்க வேண்டும். 2020 ஜூனில் மத்திய அரசு டயர் இறக்குமதியை உரிமம் தேவைப்படும் பட்டியலில் சேர்த்தது; கேள்விப்படாத பெயர்களில் குவிந்துகொண்டிருந்த சீன டயர்களின் வரத்து அதோடு சுருங்கியது. இப்போது மலிவு என்பது உள்நாட்டுக் கம்பெனிகளின் கீழ் வரிசை, அல்லது கிடங்கில் தங்கிப்போன பழைய சரக்கு, அல்லது கழற்றிய பழைய டயர். வாங்குபவர் யார் என்பதும் இந்த ஊருக்கே உரிய கதை. பத்து வருட டீசல், பதினைந்து வருடப் பெட்ரோல் என்ற வயது வரம்பை 2018இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. பின்னர் வழக்குகளில் அது இழுபட்டாலும், பயம் போகவில்லை. இன்னும் இரண்டு வருடம்தான் ஓடும் என்று நினைக்கும் வண்டிக்கு யார் விலை உயர்ந்த டயர் போடுவார்கள்? அதை நான் தப்பென்று சொல்லமாட்டேன். குளிர்காலத்தில் காற்று மாசுக் கட்டுப்பாடு மூன்றாம் கட்டத்தை எட்டினால் பி.எஸ். 3 பெட்ரோல், பி.எஸ். 4 டீசல் கார்கள் தெருவில் இறங்கக்கூடாது. நாட்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கும். ஜனவரிக் குளிரில் அப்படி நின்ற டயர், தரையைத் தொட்ட இடத்தில் தட்டையாகிவிடும். வண்டி எடுத்த முதல் சில கிலோமீட்டர்கள் தடதடவென்று அடித்து, சூடேறியதும் சரியாகும் உதறல் இந்த வகை. அதற்கு உடனே பேலன்சிங்குக்கு ஓடினால் காசு தண்டம். முன்கூட்டியே காற்றைக் கொஞ்சம் கூட்டி நிறுத்துவதும், முடிந்தால் வண்டியை அவ்வப்போது அரையடி நகர்த்தி வைப்பதும் போதும்.

மாட்டும் வேலைதான் என் வாதத்தின் நடுப்புள்ளி, அதனால் இங்கே கொஞ்சம் நிற்கிறேன். டயரைக் குறை சொல்லும் முன் ரிம்மைத் தனியாகச் சுழற்றிப் பார்க்க வேண்டும். டெல்லியின் குழிகளிலும் பெயின்ட் அடிக்காத வேகத்தடைகளிலும் அடி வாங்கிய ஸ்டீல் ரிம், சுத்தியலால் தட்டி நேராக்கியதாக இருந்தால், கண்ணுக்கு நேர், சுழற்றினால் கோணல். டயர் ரிம்மோடு உட்காரும் விளிம்பில் துருவும் பழைய ரப்பரும் ஒட்டியிருந்தால் சுரண்டி எடுக்காமல் மாட்டக்கூடாது. சோப்புத் தண்ணீர் தடவாமல் காற்றை அடித்து ஏற்றிய டயர் ஒரு பக்கம் முழுதாக உட்காராமல் நின்றுவிடும். பக்கச்சுவரில் ரிம்மை ஒட்டி மெல்லிய வரி ஒன்று சுற்றி வரும். ரிம்முக்கும் அந்த வரிக்கும் உள்ள இடைவெளி சுற்றிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது. பார்ப்பவர்கள் குறைவு. அதற்கு மேல் டயல் கேஜ் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் ஒரு திருப்புளியை டிரெட்டுக்கு அருகில் அசையாமல் பிடித்துச் சக்கரத்தைக் கையால் சுற்றினாலே இடைவெளி குறைவதும் கூடுவதும் தெரியும். மேடான இடத்தைச் சாக்குக்கட்டியால் குறித்து, காற்றை இறக்கி, டயரை ரிம்மில் அரைச்சுற்று திருப்பி மறுபடி பார்க்க வேண்டும். மேடு டயரோடு போனால் குறை டயரில், ரிம்மோடு நின்றால் ரிம்மில். இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சம் என்றால், டயரின் மேட்டை ரிம்மின் பள்ளத்தோடு பொருத்தினால் ஒன்று மற்றதைத் தின்றுவிடும். சில டயர்களில் சிவப்புப் புள்ளி வைப்பது இந்தப் பொருத்தத்துக்காகத்தான். மஞ்சள் புள்ளி எடை குறைந்த இடம், அது வால்வுக்கு நேரே வர வேண்டும். இவ்வளவும் முடிந்த பிறகுதான் பேலன்சிங். அதிலும் சக்கரத்தை இயந்திரத்தின் தண்டில் மாட்டும் கூம்பு சரியாக நடுவில் உட்கார்ந்ததா என்று தெரிய ஒரே வழி, பூஜ்யம் காட்டிய சக்கரத்தைத் தளர்த்தி, அரைச்சுற்று திருப்பி மாட்டி மறுபடி ஓட்டுவது. அப்போது பத்து, பதினைந்து கிராம் காட்டினால் முதலில் வந்த பூஜ்யம் பொய்.

இத்தனைக்கும் நேரம் ஏது என்பது கடைக்காரரின் மறுப்பு. நியாயமான மறுப்புதான். ஆனால் கூலி முறையையும் பார்க்க வேண்டும். பல கடைகளில் ஒட்டும் எடைக்குக் கிராம் கணக்கில் காசு. டயரைத் திருப்பி மாட்டும் வேலைக்குத் தனிக் கூலி கிடையாது. எழுபது கிராம் கேட்கும் சக்கரத்தைத் திருப்பி மாட்டி இருபது கிராமில் முடித்தால் கடைக்கு இரண்டு பக்கமும் நஷ்டம், வேலை கூடுதல், வரவு குறைவு. இப்படி ஒரு கணக்கை வைத்துக்கொண்டு கைத்திறனைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை. வாடிக்கையாளரே கேட்டு, திருப்பி மாட்டும் வேலைக்குத் தனியாகக் கூலி கொடுத்துவிட்டால் பெரும்பாலான கடைகள் மறுக்காது. மலிவு டயரில் மிச்சம் பிடித்த பணத்தில் ஒரு சிறு பங்குதான் அதற்குப் போகும். நைட்ரஜன் அடித்தால் உதறல் போகும் என்று விற்பவர்களுக்குக் கொடுக்கும் காசை இங்கே கொடுக்கலாம்; சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான் இருக்கிறது, எஞ்சியதை மாற்றுவதால் எந்த மேடும் தணியாது.

அப்படியென்றால் நல்ல விலையில் நல்ல டயர் வாங்குவதே சுலபமில்லையா என்பது இன்னொரு மறுப்பு. கோணல் ரிம்மில் எந்த விலை டயரும் கோணலாகத்தான் ஓடும். சிறு கூலியில் முடியும் இந்த வேலையை விட்டுவிட்டுப் பல ஆயிரம் செலவழித்தும் அதே உதறலோடு திரும்புகிறவர்கள் இதனால்தான். மறுபக்கம், மாட்டும் வேலையால் எல்லாமே தீரும் என்றும் சொல்ல மாட்டேன். இருபது முப்பது வேகத்திலேயே வண்டி நொண்டுவதுபோல் நடந்தால் கம்பிப் பட்டை பிரிந்திருக்கலாம். பக்கச்சுவரில் புடைப்பு இருந்தால் உள்ளே துணி இழை அறுந்திருக்கும். இவற்றோடு எக்ஸ்பிரஸ்வேக்குப் போகக்கூடாது, கழற்றிப் போட வேண்டியதுதான். உள்ளே பஞ்சர் ஜெல்லி ஊற்றிய டயரும், மழைக்காலத்தில் வடிக்காத கம்ப்ரஸரிலிருந்து தண்ணீர் புகுந்த டயரும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒவ்வொரு எண் காட்டும். அவற்றைச் சுத்தம் செய்து காய வைக்காமல் பேலன்ஸ் செய்யவே முடியாது. பிரேக் மிதிக்கும்போது மட்டும் உதறினால் டயரைத் தொடவே வேண்டாம், பிரேக் டிஸ்க்கைப் பார்க்க வேண்டும். யமுனா எக்ஸ்பிரஸ்வே கான்கிரீட் சாலை. நாலரை மீட்டருக்கு ஒரு வெட்டு இருக்கும் கான்கிரீட்டில் நூறு வேகத்தில் நொடிக்கு ஆறு தட்டு விழும். சக்கரத்தின் உதறல் நொடிக்குப் பதினைந்து. தார்ச் சாலைக்கு வந்ததும் நின்றுவிட்டால் அது சாலையின் சத்தம்.

புது டயர் வாங்கும்போது பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கத்தைப் படிப்பதும் இந்த வேலையில் சேர்த்திதான்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். மலிவுக்குக் காரணம் வயது என்றால் அந்த விலை மலிவே இல்லை. கிடங்கில் ஒன்றன்மேல் ஒன்றாக வருடக்கணக்கில் படுத்துக் கிடந்த டயரின் விளிம்பு நசுங்கியிருக்கும், சோப்புத் தண்ணீரால் மட்டும் அது ரிம்மில் சரியாக உட்காராது. ரிம்தான் குற்றவாளி என்று தெரிந்தால் மாயாபுரியின் பழைய உதிரிபாகச் சந்தையில் கழற்றிய ஸ்டீல் ரிம் வாங்கலாம், அளவும் ஓட்டைகளின் இடைவெளியும் பொருந்தினால் போதும். ஆனால் அதையும் வெறும் ரிம்மாக இயந்திரத்தில் சுழற்றி, ஆடவில்லை என்று பார்த்த பிறகுதான் பணம் கொடுக்க வேண்டும்.