நாடு காணாதவர்களும் நாடுகாணியும்

"எலி வளையானாலும் தனி வளை வேண்டும்" என்பார்கள். அந்த வளையையும் விட்டுப் போகும்படி நேர்ந்தவர்கள் உலகில் எத்தனை கோடி! எங்கள் குடும்பங்களும் அவற்றுள் அடங்கும் என்பதைச் சரித்திர வகுப்பில்தான் நாங்கள் உணர்ந்தோம்.

"உங்கள் தாத்தா, பாட்டி பிறந்த ஊரை எழுதி வாருங்கள்" என்றார் சிஸ்டர். வீட்டில் அம்மாயியைக் கேட்டோம். "அட்டன் பக்கம் ஒரு தோட்டம்" என்றார். ஆங்கிலேயர் ஆட்சியில் பஞ்சத்தாலும் கடனாலும் புதுக்கோட்டைச் சீமையை விட்டு இலங்கைக்குக் கூலி வேலைக்குச் சென்றவர்கள் அவருடைய முன்னோர்.

1948-இல் இலங்கை சுதந்திரம் பெற்றது. அவ்வாண்டே வந்த குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழருள் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964 அக்டோபரில் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் சரிபாதியாகப் பிரித்தனர். பந்தியில் சோற்றைப் பங்கிடுவது போல மனிதரைப் பங்கிட்டார்கள்! 1977, 1983 கலவரங்களோ, இருந்தவர்களையும் அஞ்சி ஓடச் செய்தன.

1972-இல் புறப்பட்டபோது அம்மாயிக்குப் பன்னிரண்டு வயது. தலைமன்னாரில் கப்பலேறி, இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கி, பிறகு இம்மலைக்கு வந்தார்களாம். தாயகம் திரும்பியோருக்கு வேலை கொடுப்பதற்காகவே 1968-இல் நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டத் திட்டம் தொடங்கப்பட்டிருந்தது. "அங்கே இந்தியாக்காரி என்றார்கள், இங்கே சிலோன்காரி என்கிறார்கள்" என்று அம்மாயி சிரிப்பார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

இன்னொன்றையும் நாங்கள் மறைக்கக் கூடாது. எங்களுக்கு வாழ்வளித்த தேயிலை, காடழித்து நட்டது. அந்தக் காட்டை நம்பி வாழ்ந்த பணியர், காட்டுநாயக்கர் பிள்ளைகளும் எங்களோடு படிக்கிறார்கள். ஒருவர் குடியேறிய இடம் மற்றொருவர் இழந்த இடமாகவும் இருக்கலாம் அல்லவா?

குழந்தை இயேசுவும் ஏரோதின் வாளுக்குத் தப்பி எகிப்துக்குச் சென்ற அகதியே. 1971-இல் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து சுமார் ஒரு கோடிப் பேர் இந்தியாவுக்குள் வந்தனர். 2017-இல் ஏழு லட்சத்துக்கு மேற்பட்ட ரோகிங்கியர் மியான்மரிலிருந்து வங்காளதேசத்துக்கு ஓடினர். சண்டையிடுவோர் சிலர்; மூட்டை கட்டுவோர் பலர்.

அம்மாயியின் கட்டிலடியில் கப்பலில் வந்த தகரப் பெட்டி ஒன்று இருக்கிறது. அதில் அவருடைய துணிமணிகள் எப்போதும் மடித்தே இருக்கும். "ஏன் அலமாரியில் வைக்கவில்லை?" என்று கேட்டோம். "லயன் வீடுதானே! வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. எப்போது கிளம்பச் சொல்வார்களோ?" என்றார்.

நாட்டைக் காணும் இடம் என்பதால் நாடுகாணி என்று பெயர் வந்ததாகப் பெரியவர்கள் சொல்வார்கள். ஐம்பது ஆண்டுகள் கழிந்தும் அம்மாயி அதைக் காணவில்லை போலும்! அன்புத் தோழியரே, யாரையும் "வந்தேறி" என்று நாம் அழைக்காதிருப்போம். இந்த விடுமுறையில் அம்மாயியின் துணிகளை நாங்களே அலமாரியில் அடுக்கினோம். தகரப் பெட்டியில் இப்போது எங்கள் பத்தாம் வகுப்புப் புத்தகங்கள் இருக்கின்றன.