புரை முற்றட்டும்!

கண்ணைப்பற்றி நமக்கு அதிகமாக ஒன்றும் தெரியாது. ஆனால் தெரியாத விஷயங்களில்தான் நாம் தாராளமாக அபிப்பிராயம் சொல்லுவது வழக்கம். ஆகையால், நமது அத்தைக்குக் கண்ணில் புரை விழுந்திருப்பதாகக் கேள்விப்பட்டதும், "அவசரம் ஒன்றும் இல்லை, அத்தை! புரை நன்றாய் முற்றட்டும். அப்புறம் ரண சிகிச்சை செய்துகொள்ளலாம்" என்று மிகுந்த கம்பீரத்துடன் சொல்லிவைத்தோம்.

இந்தப் புத்திமதி நமது சொந்தச் சரக்கு அல்ல. நமது பாட்டனார் தமது தமக்கைக்குச் சொன்னது. அவருக்கு யார் சொன்னார்களோ தெரியாது. வீட்டில் பரம்பரையாக வரும் பித்தளை அண்டாவைப்போல் அது நம்மிடம் வந்து சேர்ந்திருந்தது. அத்தையும் நம்மிடம் வைத்த அபிமானத்தினால் நான்கு வருஷம் காத்திருந்தாள். முதலில் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. பிறகு கோலத்தின் புள்ளிகள் வரிசை தவறின. கடைசியில் ஒரு நாள், வாசற்படியைச் சமதரை என்று எண்ணிக் காலை வைத்து விழுந்துவிட்டாள். நல்ல வேளையாக எலும்பு ஒன்றும் முறியவில்லை. முறிந்தது நமது கம்பீரந்தான்.

கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போனோம். டாக்டரம்மாள் சிறு வயதுதான். அத்தையின் கண்களை வெகு நேரம் யந்திரத்தின் வழியாகப் பார்த்துவிட்டு, "ஏன் பாட்டி இத்தனை நாள் வரவில்லை?" என்று கேட்டாள். அத்தை பதில் சொல்லவில்லை. நம்மை மட்டும் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். டாக்டரம்மாளும் பார்த்தாள். அந்த அறையில் உட்கார நாற்காலி இருந்தும் நமக்கு நிற்கத்தான் தோன்றியது.

"முற்றட்டும் என்று சொன்னது ஒரு காலத்தில் சரிதான்" என்று நமது முகத்தைப் பார்த்து இரங்கி அவள் சொன்னாள். 1747-ம் வருஷத்தில் பிரான்ஸ் தேசத்து வைத்தியர் ஜாக் டேவியல் புரை விழுந்த வில்லையைக் கண்ணிலிருந்து வெளியே எடுக்கும் முறையைத் தொடங்கிவைத்தார். பழுக்காத புரை பிசுபிசுவென்று உள்ளே ஒட்டிக்கொள்ளும். பழுத்தது மிச்சமில்லாமல் வரும். எடுத்த பிறகும் சோடாப் புட்டியின் அடிபோன்ற கண்ணாடியை மூக்கில் சுமக்க வேண்டும். ஆகவே காத்திருப்பதில் நியாயம் இருந்தது.

ஆனால் 1949-ம் வருஷத்தில் லண்டனில் ஹெரால்டு ரிட்லி என்பவர் கண்ணுக்குள்ளேயே செயற்கை வில்லையை வைத்தார். 1967-ல் அமெரிக்காவில் சார்லஸ் கெல்மன், பல் வைத்தியரின் கருவியைக் கண்டு யோசனை தோன்றி, காதுக்கு எட்டாத ஒலி அதிர்வினால் புரையை உடைத்து உறிஞ்சும் முறையைக் கண்டுபிடித்தார். வைத்தியம் மாறிவிட்டது, நமது புத்திமதிதான் மாறவில்லை.

"புரை முற்றினால் என்ன கெடுதல்? எப்படியும் எடுக்கத்தானே போகிறீர்கள்?" என்று கேட்டோம்.

"எடுப்பது பெரிதல்ல. எடுக்கும்போது ஜன்னலைக் காப்பாற்ற வேண்டுமே!" என்றாள் டாக்டரம்மாள்.

ஜன்னல் என்று அவள் சொன்னது கண்ணின் முகப்பில் கண்ணாடிபோல் இருக்கும் கார்னியாவை. நடுவில் அதன் கனம் அரை மில்லிமீட்டர்தான். அதன் உட்புறத்தில் ஒரே ஒரு வரிசையாக, தேன்கூட்டின் அறைகளைப்போல் அறுகோண வடிவமான உயிரணுக்கள் இருக்கின்றன. கண்ணுக்குள் இருக்கும் நீர் ஓயாமல் கார்னியாவுக்குள் கசிகிறது. இந்த உயிரணுக்கள் இரவு பகல் என்று பாராமல் ஏற்றம் இறைப்பவர்களைப்போல் அதை வெளியே இறைத்துக்கொண்டே இருக்கின்றன. அதனால்தான் ஜன்னல் தெளிவாக இருக்கிறது. இறைப்பு நின்றால் கார்னியா நீர் கோத்து வீங்கி வெளுத்துப்போகும்.

இந்த ஏற்றக்காரர்களிடம் ஒரு விசேஷம் உண்டு. ஒருவர் விழுந்தால் அந்த இடத்துக்குப் புதிய ஆள் வருவதில்லை. பக்கத்தில் இருப்பவர்கள் கையை அகல நீட்டி அவர் வேலையையும் சேர்த்துச் செய்வார்கள். வாலிபத்தில் ஒரு சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 3,000 பேர் இருப்பார்கள். வயதாக ஆகக் குறையும். ஏறக்குறைய 500-க்குக் கீழே போனால் ஆபத்து. அத்தைக்குப் படம் பிடித்து எண்ணிப் பார்த்ததில் 1,400 இருந்தார்கள்.

அத்தையின் புரையோ கருப்பட்டி நிறத்தில் கல்லாக இறுகியிருந்தது. அதை அதிர்வினால் உடைப்பதென்றால் அதிக நேரம், அதிகச் சக்தி வேண்டும். சூடு உண்டாகும், உடைந்த துண்டுகள் சுழன்று அடிக்கும், இவ்வளவும் ஜன்னலிலிருந்து சுமார் மூன்று மில்லிமீட்டர் இடைவெளிக்குள். புரை இளசாக இருக்கும்போதே வந்திருந்தால் இதில் பெரும் பகுதியைத் தவிர்த்திருக்கலாம். வில்லை போனால் வேறு வில்லை வைக்கலாம். இந்த ஏற்றக்காரர்கள் போனால் போனவர்களே. இதைக் கேட்டபோது நாம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"இருந்தாலும் வழி இருக்கிறது" என்றாள் டாக்டரம்மாள். புரையை உள்ளே உடைக்காமல், தையல் வேண்டாத சிறு வெட்டின் வழியாக முழுதாகவே எடுத்துவிடுவது என்று தீர்மானித்தாள். அதற்கு முன்னால் ஜன்னலுக்கும் வில்லைக்கும் நடுவே கம்பிப் பாகு போன்ற ஒரு மருந்தை நிரப்புவார்கள். ஏற்றக்காரர்களுக்கு அதுதான் மெத்தை. அதில் இரண்டு ஜாதி உண்டு: ஒன்று ஒட்டிக்கொண்டு பூச்சாக நிற்கும், மற்றொன்று ஒன்றாகத் திரண்டு இடத்தை விரித்துக் கொடுக்கும். இரண்டையும் அடுக்கடுக்காக உபயோகிக்கும் முறையைக் கனடாவைச் சேர்ந்த ஸ்டீவ் ஆர்ஷினாஃப் 1999-ல் எழுதினார். கழுவுவதற்கும் வெறும் தண்ணீர் உதவாது. கண்ணின் நீரைப்போலவே உப்புக்கள் அளவாய்ச் சேர்ந்த திரவம் வேண்டும். முடிவில் பாகைச் சுத்தமாக எடுத்துவிடவும் வேண்டும். தங்கினால் கண்ணில் அழுத்தம் ஏறிவிடும்.

அத்தைக்கு ஒரு சந்தேகம். "அந்தப் பாகை எதிலிருந்து அம்மா செய்கிறார்கள்?" என்று கேட்டாள். பிறந்தது முதல் சைவம் அல்லவா?

டாக்டரம்மாள் உண்மையை மறைக்கவில்லை. ஹயலுரோனேட் என்ற ரகத்தை ஆதியில் சேவலின் கொண்டையிலிருந்து எடுத்தார்களாம். பிறகு நுண்ணுயிர்களைக் கொண்டும் செய்யக் கற்றுக்கொண்டார்களாம். "உங்களுக்கு வைக்கப்போவது தாவர நாரிலிருந்து செய்த மெத்தில் செல்லுலோஸ், பாட்டி; கவலைப்படாதீர்கள்" என்றாள்.

அத்தை சற்று யோசித்தாள். "சேவலாக இருந்தால்தான் என்ன? முருகன் கொடியில் இருப்பதுதானே?" என்றாள். அன்று அந்த அறையில் சிரிக்காதவர்கள் நாம் ஒருவரே.

ரண சிகிச்சை நடந்தது. உள்ளே வைத்த வில்லை மதுரையில் செய்த சுதேசி வில்லை என்று அறிந்தபோது கொஞ்சம் தைரியம் வந்தது. டாக்டர் கோ. வெங்கடசாமி, முடக்குவாதத்தால் கோணிப்போன விரல்களைக்கொண்டே ரண சிகிச்சை செய்யப் பழகியவர். 1976-ல் 11 படுக்கைகளுடன் மதுரையில் அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். அந்த ஸ்தாபனத்தின் அரோலேப் தொழிற்சாலை 1992-ல் வில்லை செய்ய ஆரம்பித்தது. மேற்சொன்ன பாகும் அங்கே தயாராகிறது. வெளிநாட்டு விலை கொடுக்க முடியாத ஏழையின் ஜன்னலுக்கும் மெத்தை கிடைத்தது இதனால்தான்.

மறு நாள் கட்டை அவிழ்த்தார்கள். "எல்லாம் மார்கழி மாதத்து விடியற்காலை மாதிரி இருக்கிறது" என்றாள் அத்தை. ஜன்னல் வீங்கியிருந்தது. "ஏற்றக்காரர்கள் களைத்திருக்கிறார்கள். சொட்டு மருந்து விடுங்கள், ஒரு வாரம் பொறுத்துப் பார்ப்போம்" என்றாள் டாக்டரம்மாள். தெளியாவிட்டால்? இறந்தவர்கள் தானம் செய்த கண்ணிலிருந்து உட்படலத்தை எடுத்துப் பொருத்த வேண்டியிருக்கும். கொடுப்பவர் கிடைக்க வேண்டும். அத்தையின் உடம்பும் இன்னொரு தடவை தாங்க வேண்டும்.

அந்த வாரம் முழுவதும் வேளை தவறாமல் நாமே சொட்டு மருந்து விட்டோம். ஒவ்வொரு தடவையும், "எப்படி இருக்கிறது, அத்தை?" என்று கேட்போம். "பரவாயில்லை, அப்பா" என்பாள். நான்கு வருஷமாகச் சொன்ன பதிலும் அதுதான். நம்மை ஒரு வார்த்தை கடிந்துகொண்டிருந்தால் எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

ஆறாம் நாள் காலையில் பூஜை அறையிலிருந்து உரத்த குரல் கேட்டது. ஓடிப் போய்ப் பார்த்தோம். அத்தை கையில் துணியுடன் நின்றுகொண்டிருந்தாள். "நாலு வருஷமாக இந்த ஒட்டடைக்கா நான் பூஜை செய்திருக்கிறேன்? வீட்டில் ஒருவருக்காவது கண் இல்லையா?" என்று கேட்டாள். அவ்வளவு இன்பமான வசவை நாம் நமது வாழ்நாளில் வாங்கியதில்லை.

சாமி படங்களை எல்லாம் துடைத்து முடித்தபின், "இன்னொரு கண்ணுக்கும் செய்ய வேண்டுமே; எப்போது போகலாம்?" என்று விசாரித்தாள்.

"அதுவும் கொஞ்சம்..." என்று வாயெடுத்தோம். அத்தை புதுக் கண்ணால் நம்மைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டு, டாக்டரம்மாளிடம் தேதி கேட்பதற்காக டெலிபோனை எடுத்தோம்.