வானிலிருந்து ஒரு குரல்

மாக்ஸிம் கார்க்கியின் இலக்கிய வாழ்வு 40 ஆண்டுகளை எட்டியதை 1932இல் சோவியத் யூனியன் கொண்டாடியபோது, பத்திரிகையாளர் மிகயீல் கோல்த்ஸொவ் ஒரு யோசனையை முன்வைத்தார்: எழுத்தாளரின் பெயரில் ஒரு ராட்சத விமானம். மக்களிடம் நன்கொடை திரட்டப்பட்டது. அந்திரேய் துப்பலேவின் குழு வடிவமைத்த அவ்விமானம் 1934இல் பறந்தது. ஓர் இறக்கை நுனியிலிருந்து மறுநுனிவரை 63 மீட்டர், 8 என்ஜின்கள். உள்ளே அச்சு இயந்திரம், வானொலி நிலையம், புகைப்பட அறை, திரைப்படம் காட்டும் கருவி. அதன் ஒலிபெருக்கிக்கு 'வானிலிருந்து ஒரு குரல்' என்றே பெயர்.

தொ.மு.சி. ரகுநாதனின் தமிழில் 'தாய்' நாவலைப் படித்த எனக்கு இந்த விமானம் தீராத உறுத்தலாக இருக்கிறது. அந்நாவலில் பெலகேயா நீலவ்னா துண்டுப் பிரசுரங்களை ஆடைக்குள் ஒளித்து, சாப்பாடு விற்பவளாக ஆலைக்குள் கொண்டுசெல்கிறாள். காவலாளியின் சோதனையைக் கடந்து, கையிலிருந்து கைக்குப் போகும் காகிதம் அது. கொடுப்பவளும் வாங்குபவனும் ஒரே அபாயத்தைப் பகிர்ந்துகொள்கிறார்கள். அந்த நாவலாசிரியரின் பெயரைத் தாங்கிய விமானமோ வானத்திலேயே பிரசுரத்தை அச்சிட்டுக் கீழே உதிர்ப்பதற்காகக் கட்டப்பட்டது. கீழே நிற்பவர் அண்ணாந்து பார்க்கலாம், கேட்கலாம். பதில் சொல்ல வழியில்லை.

பிரெஞ்சு எழுத்தாளர் செயிந்த் எக்சுபெரி 1935 மே 17 அன்று இதில் பறந்தார். மறுநாள், விமானத்தைக் கட்டிய நிறுவனத்தின் ஊழியர்களையும் அவர்களின் குடும்பத்தினரையும் ஏற்றிக்கொண்டு அது மாஸ்கோவுக்கு மேலே எழுந்தது. அதன் பிரமாண்டம் பார்ப்பவர்களுக்குப் புரிய வேண்டுமே! அதற்காக ஒரு சிறிய போர்விமானத்தையும் பக்கத்தில் பறக்கவிட்டார்கள். அதன் இறக்கை அகலம் சுமார் 10 மீட்டர். விமானி நிக்கொலாய் பிளாகின் கரணமடிக்க முயன்றபோது அது பெரிய விமானத்தின் இறக்கையில் மோதியது. இரண்டும் நொறுங்கி விழுந்தன. குழந்தைகள் உட்பட நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அரசு அறிக்கை முழுப் பழியையும் பிளாகின் மீது சுமத்தியது. இறந்தவர் மறுத்துப் பேசப்போவதில்லை.

பெருமையைக் காட்ட அளவுகோலாக நிறுத்தப்பட்ட சிறியதே பெரியதை வீழ்த்தியது என்பதை வெறும் விபத்தின் விசித்திரமாக என்னால் கடந்துபோக முடியவில்லை. பெரியதை மேலும் பெரியதாகக் காட்டும் ஆசைக்கு விலை கொடுத்தவர்கள், அதைத் தம் கைகளால் கட்டியவர்களும் அவர்களின் பிள்ளைகளும்தான்.

1936இல் கார்க்கி இறந்தார். 1937இல் துப்பலேவ் கைது செய்யப்பட்டார். சிறையிலிருந்தபடியே விமானங்களை வடிவமைத்தார். யோசனையைச் சொன்ன கோல்த்ஸொவ் 1938 டிசம்பரில் கைதாகி, 1940இல் சுட்டுக் கொல்லப்பட்டார். நாடெங்கும் கேட்க ஒரு குரலை வானத்தில் ஏற்றிவைத்தவர் அவர். அவருடைய வழக்கு மூடிய அறைக்குள் நடந்து முடிந்தது.