மீட்டர் கண்ணாடியில் சாம்பல் புள்ளி

நெய்வேலியில் ஓடும் ஜீப்பின் டேஷ்போர்டைத் துடைத்தால் துணியில் நாலு நிறம் ஒட்டிக்கொண்டு வரும். சுரங்கத்து மேல்மண்ணின் செம்மணல், அந்த மண்ணுக்கு நடுவே கிடக்கும் வெண்களிமண், பழுப்பு நிலக்கரித் தூள், அனல்மின் நிலையத்துச் சாம்பல். இந்த நாலும் கடைசியில் போய் உட்காரும் இடம் டிரைவரின் கண்ணுக்கு நேரே இருக்கும் மீட்டர் கண்ணாடி. நாம் கண்ணாடி என்று சொல்கிறோமே தவிர, இன்றைய வண்டிகளில் அது பிளாஸ்டிக் தகடுதான். கதவுக் கண்ணாடியைத் துடைக்கிற மாதிரி அதைத் துடைக்க முடியாது. துடைக்கத் தெரிந்தவர்கள் எப்படித் துடைக்கிறார்கள் என்று பார்க்கத்தான் மந்தாரக்குப்பம் பக்கம் ஒரு வாட்டர் சர்வீஸ் கொட்டகைக்குப் போனேன்.

கொட்டகையில் மூன்று பேர். வெளிவேலையை, அதாவது நுரை அடித்து பம்ப் தண்ணீரில் கழுவுவதை, இரண்டு பையன்கள் பார்த்துக்கொள்கிறார்கள். உள்வேலை முழுவதும் ஒரு பெரியவருடையது. எல்லாரும் அவரை ‘பெயிண்டர் அண்ணன்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். பல வருடம் கார்களுக்குப் பெயிண்ட் அடித்தவர். ஸ்பிரே புகை நெஞ்சுக்கு ஒத்துவராமல் போகவே இந்த வேலைக்கு மாறியிருக்கிறார். உப்புத்தாளும் காம்பவுண்டும் பிடித்துப் பழகிய விரல்கள். எந்தப் பரப்பு எவ்வளவு தாங்கும் என்பது அவருக்குத் தொட்டாலே தெரிகிறது.

நான் போனபோது சுரங்கப் பக்கம் வாடகைக்கு ஓடும் ஜீப் ஒன்று உள்ளே நின்றது. அதன் மீட்டர் தகட்டின் கீழ் ஓரத்தில், முள் சுழியத்தில் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில், சாம்பல் நிறப் புள்ளிகள் திட்டாகப் படிந்திருந்தன. பையன்களில் ஒருவன் நகத்தால் ஒரு புள்ளியைச் சுரண்டப் போனான். “விடுடா, ஊறட்டும்” என்று அவன் கையைத் தள்ளிவிட்டார் பெரியவர். பிறகு என்னிடம் திரும்பி, “டிரைவர் தம்பிங்க அவசரத்துல ஈரத்துணிய ஒரு இழுப்பு இழுத்துட்டுப் போயிடுறாங்க சார். எல்லாம் மூலைல போய் ஒதுங்கிக் காஞ்சுடுது. ரெண்டு நாள்ல அது சிமெண்ட்டு” என்றார்.

அவர் சிமெண்ட் என்றது வெறும் பேச்சுக்காக அல்ல. பழுப்பு நிலக்கரிச் சாம்பலில் சுண்ணாம்பின் பங்கு அதிகம். நெய்வேலியின் பறக்கும் சாம்பல் தண்ணீர் பட்டால் தானாகவே இறுகும் வகை என்பது கட்டுமானப் பொறியியல் படித்தவர்களுக்குத் தெரியும். செங்கல்லுக்கும் சிமெண்டுக்கும் அது லாரி லாரியாகப் போவதற்கு அந்தக் குணமும் ஒரு காரணம். அதே குணம் மீட்டர் தகட்டில் கெடுதலாக முடிகிறது. காய்ந்த சாம்பல் ஊதினால் பறந்துவிடும். ஈரத்தோடு சேர்ந்து காய்ந்த சாம்பல் பிடித்துக்கொள்ளும்.

இந்த ஊரின் பிறப்பே அந்த மண்ணையும் சாம்பலையும் சார்ந்ததுதான். நெய்வேலி நிலக்கரி நிறுவனம் 1956-இல் தொடங்கியது. 1961 ஆகஸ்டில் முதன்முதலாக நிலக்கரிப் படுகை வெளியே தெரிந்தது. சோவியத் உதவியோடு கட்டிய முதல் அனல்மின் நிலையம் 1962-இல் மின்சாரம் தரத் தொடங்கி, 2020-இல் ஓய்வு பெற்றது. அதற்குப் பின் வந்த நிலையங்கள் ஓடுகின்றன. நிலக்கரியை எட்ட ஐம்பது மீட்டருக்கும் மேலான மண்ணை ராட்சதச் சக்கர எந்திரங்கள் வெட்டி எடுக்கின்றன. புகைபோக்கிக்குப் போகும் சாம்பலில் பெரும்பகுதியை மின்புலம் வைத்துப் பிடித்துவிடுகிறார்கள். ஆனாலும் மண் லாரியும் சாம்பல் லாரியும் போய்வரும் சாலையில் ஜன்னலை இறக்கிவிட்டு ஓட்டும் வண்டிக்குள் ஒரு பங்கு வந்துதான் சேரும். டவுன்ஷிப்பின் குடியிருப்பு வட்டங்களில் மரநிழலில் நிற்கும் கார்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. சுரங்கத்துக்கும் பட்டறைக்கும் ஓடுகிற ஒப்பந்த வண்டிகளுக்குத்தான் முழுச் சுமையும்.

பெரியவர் வேலையைத் தொடங்கினார். முதலில் மோதிரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கம்ப்ரஸர் குழாயைத் தள்ளிப் பிடித்து, மேலிருந்து கீழாகக் காற்றடித்தார். கிட்டத்தில் வைத்து அடித்தால் தூசி விளிம்பு இடுக்கு வழியாக உள்ளே போய் டயலிலேயே படிந்துவிடுமாம். பிறகு மொத்த மீட்டரையும் கழற்ற வேண்டிவரும். காற்று அடிக்கும் முன்பு துணி அந்தத் தகட்டைத் தொடவே கூடாது என்பதில் அவர் கறாராக இருக்கிறார். அது நியாயம்தான். மணலில் இருப்பது குவார்ட்ஸ். மோ கடினத்தன்மை அளவில் அது 7. ஜன்னல் கண்ணாடியே ஏறத்தாழ ஐந்தரைதான். பிளாஸ்டிக் அதற்கும் வெகு கீழே. உலர்ந்த துணியால் தேய்ப்பவர் அந்த மணலைக் கொண்டே தகட்டை உழுகிறார். தேய்க்கத் தேய்க்க பிளாஸ்டிக்கில் நிலைமின்சாரமும் ஏறும். துடைத்து முடித்த கையோடு சுற்றியுள்ள தூசி எல்லாம் மறுபடி வந்து ஒட்டும்.

அடுத்து, தகட்டின் அடியில் ஒரு துண்டைச் சுருட்டி அணை மாதிரி வைத்தார். உள்ளே மின்கம்பிகள் இருப்பதால் தண்ணீர் வழியக் கூடாது. ஷாம்பு இரண்டு சொட்டு கலந்த தண்ணீரைத் தெளிப்பானால் அடித்துவிட்டு, வெறும் விரல் நுனியால் தடவினார். துணிக்குத் தெரியாத மணல் விரலுக்குத் தெரியும். நெருடிய இடத்தில் நிறுத்தி, மேலும் தண்ணீர் அடித்து, அதை மிதக்கவிட்டு எடுத்தார். சிறு விமானங்களின் அக்ரிலிக் முகப்பைக் கழுவுவதற்கும் இதே முறைதான் சொல்லித்தரப்படுகிறது: மோதிரம் கடிகாரம் கழற்றுவது, நிறையத் தண்ணீர், வெறுங்கை, பிறகு மென்துணியால் நேர்க்கோட்டில் துடைப்பது. வட்டமாகத் தேய்த்தால் விழும் கீறல்கள் வெயிலில் ஒளிவட்டம் போலக் கூசும் என்பதால் நேர்க்கோடு. விமானக் கொட்டகையை எட்டிப் பார்த்திராத மனிதர், தகடு சொல்லிக்கொடுத்தபடி அதே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார். எனக்கு அவர்மேல் பெரும் மதிப்பு வந்தது அப்போதுதான்.

எல்லாக் கழுவலுக்குப் பிறகும் திட்டு அப்படியே இருந்தது. ஒரு பஞ்சுத் துண்டைத் தண்ணீரில் நனைத்து, அதில் எலுமிச்சைச் சாறு சில சொட்டு விட்டு, புள்ளிமேல் ஒட்டவைத்துவிட்டு வேறு வேலைக்குப் போனார். புளிப்பு சுண்ணாம்பைக் கரைக்கிறது. அதற்குக் கொஞ்ச நேரம் வேண்டும், அவ்வளவே. போர் தண்ணீர் தெறித்துக் காய்ந்த உப்புப் புள்ளிக்கும் இதே வைத்தியம். பஞ்சை எடுத்தபோது திட்டு இளகி, விரலோடு வந்துவிட்டது. உடனே நல்ல தண்ணீரால் இரண்டு முறை கழுவி, துணியை ஒற்றி ஒற்றி ஈரம் எடுத்தார்.

அந்தத் துணியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பட்டறைகளுக்குத் திருப்பூரிலிருந்து மூட்டையாக வரும் பனியன் வேஸ்ட்தான். ஆனால் மூட்டையில் கைவிட்டு வந்ததை எடுத்துத் தேய்க்க இவர் விடுவதில்லை. தையல் மடிப்பு, எலாஸ்டிக், அச்சடித்த படம் உள்ள துண்டெல்லாம் டயருக்குப் போகும். தையலே இல்லாத வெள்ளைத் துண்டுகளைத் தனியே பொறுக்கி, துவைத்து, மூடி போட்ட டப்பாவில் வைத்திருக்கிறார். மைக்ரோஃபைபர் துணியும் உண்டு. அது கீழே விழுந்தால் அன்றைக்கு அதை மீட்டர்மேல் போடுவதில்லை.

சாம்பலுக்கு அடுத்து அவருக்கு அதிகம் வருவது பூஜைக் கறை. ஆயுத பூஜை முடிந்த வாரம் கொட்டகையில் இடம் இருக்காது என்றார். ஸ்டீயரிங், கதவு, பம்பர் என்று பொட்டு வைத்துக்கொண்டே போகிறவர்கள் மீட்டர் தகட்டுக்கும் ஒரு பொட்டு வைத்துவிடுகிறார்கள். சந்தனம் காய்ந்தால் தண்ணீரில் ஊறவைத்து எடுத்துவிடலாம். மஞ்சளும் சாயம் கலந்த குங்குமமும் அப்படி இல்லை. மஞ்சள்மேல் சோப்புத் தண்ணீர் பட்டதும் சிவப்பாகும். குங்குமம் தயாரிக்கச் சுண்ணாம்பு சேர்க்கும்போது நடக்கும் அதே மாற்றம். பழகாத பையன்கள் அதைப் பார்த்துப் பயந்து இன்னும் அழுத்தித் தேய்ப்பார்களாம். மேலே இருப்பதைக் கழுவி எடுத்தபின் மீதி நிற்கும் மஞ்சள் சாயைக்கு இவர் எதையும் பூசுவதில்லை. வண்டியை வெயிலில் நிறுத்தச் சொல்கிறார். மஞ்சளின் நிறமியான குர்க்குமின் வெளிச்சத்தில் சிதைந்து வெளுத்துவிடும். “வெயில் பாக்குற வேலைய நான் ஏன் சார் பாக்கணும்?” கடலூர் மாவட்டத்து வெயிலை இப்படி வேலைக்கு வைத்துக்கொண்ட ஒருவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. குங்குமச் சாயம் மட்டும் சில தகடுகளில் முழுதாகப் போகாது என்பதை வண்டிக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுகிறார்.

ஸ்டிக்கர் பசைக்குத் தேங்காய் எண்ணெய். தடவி, ஊறவிட்டு, விரலால் உருட்டி எடுத்து, ஷாம்புத் தண்ணீரில் கழுவ வேண்டும். நேரம் எடுக்கும்.

அவரால் முடியாததையும் காட்டினார். அலமாரியில் கெட்டுப்போன பழைய மீட்டர் தகடுகளை வைத்திருக்கிறார். அதில் ஒன்றை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் அதன் ஓரங்களில் முடி போன்ற மெல்லிய வெடிப்புகள் வலைபோல் ஓடுகின்றன. கொரோனாக் காலத்தில், 2020-இல், கைக்கு அடிக்கும் சானிடைசரையே டேஷ்போர்டு முழுக்க அடித்துத் துடைத்த டாக்ஸியின் தகடாம் அது. பின்பக்கத்தில் அச்சிட்டிருந்த பிஎம்எம்ஏ என்ற எழுத்துகளைப் பார்த்தேன். அது அக்ரிலிக். ஜெர்மனியில் 1930-களில் விற்பனைக்கு வந்து, இரண்டாம் உலகப் போரின் விமானங்களுக்கு முகப்பாக ஆன பொருள். வார்ப்பிலும் திருகாணி இறுக்கத்திலும் உள்ளே இழுவிசை தங்கியிருக்கும் அக்ரிலிக்கில் ஆல்கஹால் பட்டால் நுண்வெடிப்பு விடும். 1953-இல் கண்டுபிடிக்கப்பட்ட பாலிகார்பனேட்டின் பின்புறம் பிசி என்றிருக்கும். அடி தாங்குவதில் அது கெட்டி. ஆனால் அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பானும் பெயிண்ட் தின்னரும் பெட்ரோலும் அதற்கு ஆகாது. இரண்டுமே எளிதில் கீறல் விழும் பொருள்கள்.

“இது கறை இல்ல சார், வெடிப்பு. வெடிப்ப எப்படித் துடைக்கிறது?” என்றார். இப்படி வரும் வண்டிகளுக்குத் தகட்டை மாற்றச் சொல்லி அனுப்பிவிடுகிறார், கூலி வாங்குவதில்லை. அவர் அலமாரியைப் பார்த்தபின் எனக்கு ஒன்று உறுதியாயிற்று. புள்ளியால் கெட்ட தகடு அங்கே ஒன்றுகூட இல்லை. எல்லாமே துடைக்கப் போய்க் கெட்டவை. தின்னர் பட்டுப் பால்போல் வெளுத்தது ஒன்று. பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரால் தேய்த்தது ஒன்று. பற்பசை போட்டு மெருகேற்றியதில் நடுவில் மட்டும் பளபளத்து, சுற்றிலும் மங்கி நிற்பது ஒன்று.

இந்தக் கடைசி வகைதான் நுட்பமானது. இப்போது வரும் பல வண்டிகளில் வெயில் கூசாமல் இருக்கத் தகட்டின் மேற்பரப்பை மிக லேசாக மங்கலாக்கியோ பூச்சு கொடுத்தோ விடுகிறார்கள். அதன்மேல் பாலிஷ் போட்டால் அந்தப் பரப்பே போய்விடும். கீறல் எடுக்கிறேன் என்று பளபளப்பான திட்டு ஒன்றை நிரந்தரமாக வைத்துவிடுவோம். பளபளப்பாகவே வந்த தகட்டில் மட்டும், அதுவும் நகத்துக்குத் தட்டுப்படாத மெல்லிய கீறலாக இருந்தால் மட்டும், பிளாஸ்டிக் பாலிஷைக் கடுகளவு எடுத்து நேர்க்கோட்டில் இழுக்கிறார். ஆழமான கீறலுக்கு 2000, 3000 எண் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்துப் படிப்படியாக ஏறும் முறையும் அவருக்குத் தெரியும். முகப்பு விளக்குக்கு அதைச் செய்கிறார். மீட்டருக்குச் செய்யத் தயங்குகிறார். இரவில் சுரங்கச் சாலையில் ஓட்டுபவன் அந்தத் தகடு வழியாகத்தான் வெப்ப முள்ளையும் எண்ணெய் எச்சரிக்கை விளக்கையும் பார்க்கிறான், அதில் அலை விழுந்தால் கண் தடுமாறும் என்பது அவர் சொல்லும் காரணம்.

இவ்வளவு அறிவுக்கும் தனிக் கூலி என்று எதுவும் இல்லை. வாட்டர் சர்வீஸ் பலகையில் வெளிக் கழுவல், உள் கழுவல், முழுக் கழுவல் என்று மூன்று விலை எழுதியிருக்கிறது. மீட்டர் தகடு உள் கழுவலுக்குள் அடக்கம். மற்ற எல்லாம் முடிந்தபின் வண்டிக்காரர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போது மிச்சமிருக்கும் நேரத்தில்தான் இதைச் செய்ய வேண்டியிருக்கிறது. ஊறவைக்கவே நேரம் இல்லாதபோதுதான் பல கடைகளில் பையன்கள் தின்னர் டப்பாவைத் தேடுகிறார்கள். அவசரப்படுத்தி அவர்களை அந்த டப்பாவின் பக்கம் தள்ளுவது நாம்தான்.

பெரியவரின் விரலிடுக்குகள் வெந்து தோல் உரிந்திருந்தன. நாள் முழுக்க ஷாம்புத் தண்ணீரில் கிடப்பதால். கையுறை போட்டால் மணல் தெரியாது என்கிறார்; அதற்குப் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. ஆனால் கம்ப்ரஸர் அடிக்கும்போது மூக்கில் துணி கட்ட எந்தத் தடையும் கிடையாது. சாம்பலும் குவார்ட்ஸ் தூளும் நுரையீரலுக்குள் போய்த் தங்கும் பொருள்கள். பையன்கள் இருவரும் வெறும் முகத்தோடு அதற்குள் நிற்கிறார்கள். கடை நடத்துகிறவர்கள் முகக்கவசம் வாங்கிக் கொடுத்து, கட்டாயம் போடவும் வைக்க வேண்டும். வண்டி விடுகிற நாமும் அதைக் கேட்க வேண்டும்.

அடுத்த முறை சர்வீஸுக்கு வண்டியை விடும்போது, உள்ளே இருக்கும் கறை சாம்பலா, மஞ்சளா, பசையா, சானிடைசரா என்று உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லிவிட்டுப் போங்கள். அவர்களுக்குப் பாதி வேலை அதிலேயே முடியும். சாவியை உடனே கேட்காமல் அரைமணி நேரம் கூடுதலாகக் கொடுங்கள். மீட்டர் தகட்டுக்கென்று தனியாக ஒரு தொகையைப் பேசி, அதைத் துடைத்த கையிலேயே கொடுங்கள்.