துருவ நட்சத்திரமும் ஒரு பழைய கேள்வியும்

மகளோடு மினசோட்டாவின் வட எல்லையில் உள்ள வாயேஜர்ஸ் தேசியப் பூங்காவுக்குப் போயிருந்தோம். பகலெல்லாம் கபெடோகமா ஏரியில் படகு, லூன் பறவைகள். கொசு நம்மூரை விட மோசம்!

இரவு 11 மணிக்கு மேல்தான் நன்றாக இருட்டியது. மருமகன் டார்ச் லைட்டை அணைத்தார். நான் பழக்கதோஷத்தில் துருவ நட்சத்திரத்தை அடிவானத்துக்குப் பக்கத்தில் தேடினேன். "மேலே பாருங்க தாத்தா" என்றாள் பேத்தி. பாதி வானத்தையும் தாண்டி, 48 டிகிரி உயரத்தில் நின்றது. நம் திருச்சியில் 11 டிகிரிதான்.

ஏழாம் வகுப்பில் ஒருவன் கேட்டான்: "எல்லா ஊரிலும் இதே உயரத்தில்தான் தெரியுமா சார்?" எனக்கு அன்று பதில் தெரியாது. "பாடத்தைக் கவனி" என்று அதட்டி உட்கார வைத்தேன். அப்புறம் அவன் கேள்வியே கேட்டதில்லை.

தம்பி, இதைப் படித்தால்: ஊருக்கு ஊர் மாறும்ப்பா. அட்சரேகை எத்தனை டிகிரியோ, ஏறக்குறைய அத்தனை உயரம்.