பால் சுறா தேடி

எங்கள் தோட்டத்திலிருந்து கடல் ஐந்து கல் தொலைவில்தான் இருக்கிறது. மேல்காற்று வீசும் சில நாட்களில் செம்பனை ஓலைகளினூடே உப்பு வாடைகூட வரும். எனினும், பிரட்டுக்கு நிற்கும் நம் மக்களில் நீந்தத் தெரிந்தவர் விரல் விட்டு எண்ணக்கூடியவரே. நம்மவர்க்குக் கடலென்பது பாட்டன்மார் கப்பலேறி வந்த வழி. மற்றொரு முறை நினைத்துப் பார்க்க விரும்பாத வழி. விடுமுறை நாளன்று போர்ட்டிக்சன் கரையில் முழங்கால் நீரில் நின்று, சோற்றுப் பொட்டலத்தை அவிழ்த்துண்டு திரும்புவதோடு அதனோடு நமக்குள்ள உறவு முடிந்துவிடுகிறது. அதில் பிழைப்போரை நாம் என்ன பெயரிட்டு அழைத்து வந்தோம் என்பதை எழுத என் பேனா கூசுகிறது. "மீன் நாற்றம்" என்பது எங்கள் வீட்டில் ஒரு சாதியின் பெயராகவே வழங்கிற்று. ஆங்கிலப் பாடசாலையில் படித்து, கிராணி வேலையில் அமர்ந்து, பதினோராண்டு கணக்கெழுதிய நானும் அதை மறுத்துப் பேசியவனல்லன்.

நிற்க. சென்ற ஆண்டு என் தங்கை தலைப்பிள்ளை பெற்று வீட்டிலிருந்தாள். பால் போதவில்லை என்று அம்மா கவலை கொண்டார். "பால் சுறா வாங்கி வந்து புட்டுச் செய்து கொடுக்கவேண்டும், அஃதில்லையேல் திருக்கையாவது வேண்டும்" என்றார். குழந்தை அடிக்கடி வாய் வைத்துக் குடித்தாலே பால் பெருகும் என்றும், பெரிய சுறாவின் தசையில் பாதரசம் சேர்வதால் பாலூட்டும் தாய்மார் அதைத் தவிர்ப்பதே நன்று என்றும் தாதியம்மாள் சொன்னார். "பால் சுறா சிறியதுதானே!" என்று அம்மா ஒரே வாக்கியத்தில் வைத்திய நூலை முடித்துவிட்டார். சந்தையில் இரண்டு வாரமாக அந்த மீன் அகப்படவில்லை.

எங்கள் தோட்டத்தில் பழக்குலை வெட்டும் பெரியவர் ஒருவர் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் தனியே கடலுக்குப் போவார் என்பது எல்லோரும் அறிந்து, ஒருவரும் பேசாத செய்தி. அவர் பாட்டனார் நாகப்பட்டினக் கரையில் வலை வீசியவராம். நான் தயங்கித் தயங்கிக் கேட்டபொழுது, "ஐயா வருவதானால் வாருங்கள், ஆனால் அட்டமிக்குப் பின் போவோம்" என்றார்.

அட்டமி நவமியில் நற்காரியம் தொடங்கலாகாது என்று பஞ்சாங்கம் பார்ப்போர் கூறுவர். சிறு படகில் தூண்டில் போடுவோனுக்கோ அந்நாட்களே நல்ல நாட்கள்! அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில் ஞாயிறும் திங்களும் ஒரே நேர்க்கோட்டில் நின்று இழுப்பதால் ஓதம் மிகுந்து, மலாக்கா நீரிணையில் நீரோட்டம் கடுமையாகும். அரைமதியை அடுத்த நாட்களில் இரண்டும் குறுக்கே நின்று இழுப்பதால் ஓட்டம் தணியும். பெரியவர் இந்தக் காரணத்தைப் படித்தவரல்லர். பலனை மட்டும் அறிந்திருந்தார். நான் காரணத்தைப் படித்திருந்தேன்; பலனை ஒருநாளும் கண்டதில்லை.

நாங்கள் சென்றது கயாக்கு என்னும் ஒடுங்கிய படகில். வடதுருவத்தை அடுத்த பனிநாட்டு இன்யூட்டு மக்கள் கடல்நாய்த் தோலைப் போர்த்துச் செய்த வேட்டைப் படகின் பெயர் அது. இக்காலத்தில் பிளாஸ்டிக்கில் வார்த்து விற்கிறார்கள். இருவர் முன்னும் பின்னுமாக மேலே அமர்ந்து துடுப்புப் போடவேண்டும். இடுப்புக்கும் கடலுக்கும் இடையே ஒரு சாண்தான். கப்பலில் செல்வோன் கடலைப் பார்க்கிறான். இதில் இருப்பவனைக் கடல் பார்க்கிறது என்று எனக்குத் தோன்றிற்று. உயிர்காப்பு அங்கியின் வாரை நான் மூன்று முறை இழுத்துப் பார்த்தேன். சுமாத்திரா என்று பெயர்பெற்ற விடியற்காலச் சூறை அன்று இல்லையென்று வானத்தைப் பார்த்துத் தெளிந்த பின்னரே பெரியவர் படகைத் தள்ளினார். கரையைவிட்டு நூறு கெஜம் போனதும், "தம்பி, வலப்பக்கம் வலி" என்றார். கரையில் ஐயாவாக இருந்தவன் நீரில் தம்பியானேன். எனக்கு அது உறைத்தது. சிறிது குறைவாகவும் பட்டது. உண்மையை மறைப்பானேன்?

தஞ்சோங் துவான் முனையின் கலங்கரை விளக்கம் தெற்கே தெரிய, எட்டு மீட்டர் ஆழத்தில் நங்கூரமிட்டோம். கணவாயைக் கீற்றுக் கீற்றாக நறுக்கி முள்ளில் கோத்து, ஈயக்குண்டு தரையைத் தொடும்வரை விட்டோம். முதலில் அகப்பட்டது சுறாவே! ஆனால் என் கை நீளங்கூட இல்லை. மலாய்க்காரர் பல்லிச் சுறா என்று பொருள்படப் பெயரிட்ட இனம் அது, முட்டையிடுவது, நீரை விட்டெடுத்தாலும் பல மணி நேரம் உயிர் தாங்குவது, மனிதரை ஒன்றும் செய்யாதது. "இது உன் அம்மா கேட்டதன்று" என்று பெரியவர் அதை நீரிலிட்டார்.

ஒரு மணி நேரத்திற்குப் பின் என் கோல் வளைந்தது. முதலில் முள் பாறையில் மாட்டிக்கொண்டதென்றே நினைத்தேன். திருக்கை அப்படித்தான் தரையை அப்பிக்கொள்ளுமாம். பிறகு அது கிளம்பியபொழுது படகின் மூக்கையே நங்கூரக் கயிற்றோடு சுற்றி இழுத்தது. அரைமணி நேரம் என் புயங்கள் எரிந்தன. அதைக் கைத்தொலைபேசியில் படமெடுத்துத் துரை முதல் தோட்டி வரை காட்டவேண்டும் என்ற எண்ணந்தான் என் உள்ளத்தில் நின்றது. தங்கை நினைவில் இல்லை. கடைசியில் பழுப்பு நிறப் பாய் விரித்தாற்போல் அது படகருகே எழும்பிற்று. அகலம் ஒரு கெஜத்துக்குக் குறையாது. "கையை உள்ளே இழு! வாலில் முள்!" என்று பெரியவர் அதட்டினார். பின்னோக்கிய பற்களோடு நஞ்சுத் தசை மூடிய முள் அது. குத்திவிட்டால் பொறுக்கக்கூடிய வெந்நீரில் காலையோ கையையோ அமிழ்த்தி வைப்பதே முதலுதவி. கயாக்கில் வெந்நீருக்கு எங்கே போவது?

அப்பொழுது, அதன் அடிவயிற்றிலிருந்து சுருட்டிய வெற்றிலைபோல் ஏதோ ஒன்று நழுவி நீரில் விழுந்து விரிந்தது. பின்னர் மற்றொன்று. வாலும் கண்ணும் முழுதாய் அமைந்த இரு குட்டிகள்.

பெரியவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அறுத்து விடு, தம்பி" என்றார்.

நான் வாதாடினேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. திமிங்கிலச் சுறாவை 1999 ஆம் ஆண்டு விதிகளும், பெரிய சம்மட்டித்தலைச் சுறா, கொம்புத் திருக்கை முதலியவற்றை 2019 ஆம் ஆண்டுத் திருத்தமும் இந்நாட்டில் காக்கின்றன. இது அவற்றுள் ஒன்றன்று. ஆகவே சட்டப்படி குற்றமில்லை என்று ஒரு கிராணி பேசுவதுபோலவே பேசினேன். அவர் பதில் சொல்லாமல் கத்தியைப் பிடி என் பக்கமாகத் திருப்பி நீட்டினார். நானே முள்ளுக்கு அருகில் நரம்பை அறுத்தேன். பாய் மெல்லத் தாழ்ந்து மறைந்தது. குட்டிகளில் ஒன்று சிறகடித்துக் கீழே போயிற்று. மற்றொன்று நெடுநேரம் மேலேயே மிதந்து, நீரோட்டத்தில் அகன்றது.

பின்னாளில் நூல்களைப் புரட்டியபொழுது அறிந்தேன்: பிடிபட்ட சினைத் திருக்கை அதிர்ச்சியினால் குறைமாதத்திலேயே குட்டிகளை உதிர்த்துவிடுவதுண்டு. அது ஈனும் குட்டிகள் சிலவே. அவற்றைக் கருப்பையினுள்ளேயே பால்போன்ற ஒரு நீரைச் சுரந்து வளர்க்கிறது. ஆங்கில நூலார் அதற்குக் கருப்பைப் பால் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தப் பக்கத்தை மூடிவிட்டு வெளியே போய் நின்றேன்.

திரும்பும் முன் பெரியவரின் தூண்டிலில் ஒரு தட்டை மீன் அகப்பட்டது. இரு கண்களும் ஒரே பக்கத்தில்; பெரிய வாய்; கூரிய பற்கள். "எருமை நாக்கு" என்றார். நான் "இந்தியன் ஹாலிபட்" என்று ஆங்கிலப் பெயர் சொல்லித் திருத்தினேன், அவர் தலையசைத்தார். குஞ்சாக இருக்கையில் பக்கத்துக்கொன்றாய் இருக்கும் கண்களில் ஒன்று வளர வளர மறுபக்கம் நகர்வது தட்டை மீன்களின் இயல்பு. இவ்வினத்திலோ அக்கண் உச்சிவரை வந்து அங்கேயே தங்கிவிடுகிறது. வீட்டுக்கு வந்து அதன் விஞ்ஞானப் பெயரைத் தேடினேன்: "செட்டோடெஸ் எருமெய்". 1801 இல் பிளாக், ஷ்னைடர் என்னும் ஜெர்மானிய அறிஞர்களின் நூலில், தரங்கம்பாடிக் கரை மீனுக்கு, அக்கரையில் வழங்கிய தமிழ்ப் பெயரைக்கொண்டே இட்ட பெயர்! உலகத்து விஞ்ஞானிகள் எல்லோரும் இரு நூற்றாண்டுகளுக்கு மேலாக ஒரு செம்படவனின் சொல்லை எழுதி வருகிறார்கள். நான் அதைத்தான் அவருக்குத் திருத்தினேன்.

அம்மா, "சுறா எங்கே?" என்று முணுமுணுத்தவாறே அம்மீனை மிளகுச் சாறு வைத்தார். தங்கை இரண்டு முறை வாங்கி உண்டாள். திருக்கையைப்பற்றி நான் வீட்டில் சொல்லவில்லை.

திங்கட்கிழமை விடியற்காலை பிரட்டில் பெயர் படித்தேன். அவர் பெயர் வந்தபொழுது "அண்ணே" என்ற சொல் நாவுவரை வந்தது. மானேஜர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். வழக்கம்போல் பெயரையும் எண்ணையுமே படித்தேன். "இருக்கிறேன், ஐயா" என்றார். அரிவாள் கோலைத் தோளில் சாய்த்துக்கொண்டு என்னைக் கடந்து போகையில், தணிந்த குரலில், "தங்கச்சிக்குப் பால் இறங்கிற்றா?" என்று கேட்டார்.

"இறங்கிற்று" என்றேன்.