மண்ணெண்ணெயோடு போன வாஷர்

புல்லட் வைத்திருந்தவர்களுக்குத் தெரியும். இடது பக்கத்துப் பெரிய மூடியை நடுவில் இருக்கும் ஒரே ஒரு நட்டுதான் பிடித்திருக்கும். அதைக் கழற்றினால் மூடி கையோடு வந்துவிடும், எண்ணெய் தரையில் கொட்டும். இவ்வளவு சுலபமாகத் திறக்கிறதே என்ற தைரியத்தில்தான் 1984-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அதில் கைவைத்தேன்.

அப்போது எனக்கு ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் பிட்டர் வேலை. வண்டி பழையது, இன்னொருவரிடம் வாங்கியது. அதற்கு வைத்தியம் பார்த்தவர் ஸ்ரீவில்லிபுத்தூரில், தேர் ஓடும் வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் பட்டறை வைத்திருந்த அண்ணாச்சி. ராஜபாளையத்தில் மெக்கானிக் இல்லாமலில்லை. ஆனாலும் புல்லட் என்றால் 11 கிலோமீட்டர் போய் அவரிடம்தான் விடுவோம். ஆறு மாதத்துக்கு முன்னால் கிளட்ச் டிரம் போய்விட்டதென்று வேறொரு டிரம் வாங்கிப் போட்டுக் கொடுத்திருந்தார்.

கிளட்ச் வழுக்குகிறது, பிளேட்டை மாற்றினால் போதும் என்று திறந்தவன், செயினையும் கழற்றிக் கழுவலாமே என்று நினைத்தேன். அங்கேதான் வினை. பிரைமரி செயினில் ஒட்டு கிடையாது, முழு வளையம். அதை எடுக்க வேண்டுமென்றால் முன்னால் ஆல்டர்னேட்டரை அகற்றி, இன்ஜின் ஸ்ப்ராக்கெட்டையும் கிளட்சையும் ஒன்றாக இழுத்து எடுக்க வேண்டும். எடுத்தேன். எல்லாவற்றையும் மண்ணெண்ணெய்த் தட்டில் போட்டு பிரஷ்ஷால் தேய்த்தேன். அழுக்கு மண்ணெண்ணெயைக் கொல்லையில் ஊற்றினேன். மறுபடி பூட்டி, ஓட்டிப் பார்த்தேன். கிளட்ச் நன்றாகப் பிடித்தது. ஆனால் மூன்றாவது கியரில் ஊய்ங் என்று ஒரு சத்தம், முன்பு இல்லாதது.

நான் பூட்டியதில் தப்பு இருக்கும் என்று ஒரு நொடிகூடத் தோன்றவில்லை. அவர் போட்ட டிரம் மட்டம் என்று முடிவு கட்டிவிட்டேன். ஷிப்ட் மாறும் நேரத்தில் மில் வாசல் டீக்கடையில் அதையே சொன்னேன். ஒரு நாள் இல்லை, பல நாள். எங்கள் டிபார்ட்மெண்டில் இரண்டு பேர் புல்லட் வைத்திருந்தார்கள். இருவரும் வண்டியை வேறு ஆளிடம் விட ஆரம்பித்தார்கள்.

நான்கைந்து மாதத்தில் சத்தம் பெரிதாகிவிட்டது. எண்ணெயை வடித்துப் பார்த்தால் வெள்ளிப்பொடி கலந்த மாதிரி மினுங்கியது. இரும்பு தேய்கிறது. வேறு வழியில்லாமல் ஸ்ரீவில்லிபுத்தூருக்கே போனேன். ஆடிப்பூரம் முடிந்து தேர் நிலைக்கு வந்திருந்த சமயம்.

அண்ணாச்சி மூடியைத் திறந்து செயினை விரலால் வருடினார். உள்பக்கத் தகடுகள் ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தன. ஸ்ப்ராக்கெட் பற்களும் அப்படியே. எல்லாவற்றையும் கழற்றி, செயின் இல்லாமல் இரண்டு ஸ்ப்ராக்கெட்டையும் தண்டில் ஏற்றினார். கிளட்சை ஆட்டம் போகும் வரை உள்ளே தள்ளிப் பிடித்துக்கொண்டு, நீள ஸ்டீல் ஸ்கேலை இரண்டின் பற்களுக்கும் குறுக்கே வைத்தார். கிளட்ச் பக்கம் ஒட்டி நின்றது. இன்ஜின் பக்கம் வெளிச்சம் தெரிந்தது. அந்த இடைவெளியில் பீலர் கேஜ் தகடுகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து நுழைத்தார். ஒரு மில்லிமீட்டருக்கும் கொஞ்சம் கூட.

"பின்னால ஒரு வாஷர் போட்டிருந்தேனே, எங்க தம்பி?"

எனக்கு உடனே கொல்லைதான் ஞாபகம் வந்தது.

அவர் வாங்கிய டிரம் பழையதைவிட ஒரு நூல் வெளியே தள்ளி நின்றிருக்கிறது. அதற்குச் சமமாக முன் ஸ்ப்ராக்கெட்டும் வெளியே வரட்டும் என்று அளந்து ஒரு வாஷர் வைத்திருக்கிறார். பிற பழைய இங்கிலீஷ் வண்டிகளில் கியர்பாக்ஸ் தனியாக நிற்கும், முன்னே பின்னே நகர்த்திச் செயினை இறுக்கலாம். புல்லட்டில் கியர்பாக்ஸ் இன்ஜினோடு சேர்த்து முடுக்கியது. தொய்வுக்கு அடியில் ஒரு டென்ஷனர் உண்டு. ஆனால் பக்கவாட்டு நேருக்கு எதுவும் கிடையாது, இந்த வாஷர்தான். மெல்லியது, எண்ணெயில் ஒட்டிக்கொண்டு ஸ்ப்ராக்கெட்டோடு வந்து, கழுவும்போது விழுந்து, மண்ணெண்ணெயோடு போயிருக்கிறது.

இதில் கேவலம் என்னவென்றால், மில்லில் என் தினசரி வேலையே இதுதான். மோட்டார் புல்லிக்கும் மெஷின் புல்லிக்கும் நூல் பிடித்துப் பார்ப்போம். நூல் நாலு இடத்திலும் தொடாவிட்டால் மோட்டாரை நகர்த்துவோம், காலடியில் மெல்லிய தகடு வைப்போம். நேர் இல்லாவிட்டால் பெல்ட் தின்றுபோகும் என்று புதுப் பையன்களுக்குச் சொல்லிக் கொடுத்ததே நான். அவ்வளவு பெரிய ஆண்டாள் தேரையே சக்கரத்தடியில் கட்டை போட்டுத்தான் திருப்புகிறார்கள், சின்ன வயதிலிருந்து பார்த்தது. என் வண்டிக்கு மட்டும் அது உறைக்கவில்லை.

அண்ணாச்சி ஒரு தகர டப்பாவைக் கவிழ்த்து, பல கனத்தில் கிடந்த வளையங்களில் இரண்டைப் பொறுக்கி வைத்தார். மறுபடி ஸ்கேல். இப்போது வெளிச்சம் இல்லை. புதுச் செயின் போட்டார். கூலியைக் குறைக்கவில்லை, கூட்டவுமில்லை. நான் உதைத்து ஸ்டார்ட் பண்ணும்போது சாதாரணமாகக் கேட்டார்:

"ஒங்க மில்லுலருந்து வந்த ரெண்டு வண்டி இப்ப வர்றதே இல்ல. வித்துட்டாங்களா தம்பி?"

"தெரியல அண்ணாச்சி" என்றேன்.

மறுநாள் டீக்கடையில் இருவரிடமும் நடந்ததைச் சொன்னேன். ஒருவர் திரும்ப ஸ்ரீவில்லிபுத்தூர் போக ஆரம்பித்தார். இன்னொருவர் சிரித்துவிட்டு, இப்போது பார்க்கிற ஆள் பக்கத்திலேயே இருக்கிறார், அதுவே வசதி என்றார். பொய் சொன்னதை அண்ணாச்சியிடம் ஒத்துக்கொள்ள வேண்டும் என்று ஒவ்வொரு முறை போகும்போதும் நினைப்பேன். பட்டறையில் யாராவது உட்கார்ந்திருப்பார்கள். அவர் காலமாகியே பல வருஷம் ஆகிவிட்டது.

வண்டி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. போன மாதம் பேரனை வைத்துக்கொண்டு திறந்தேன். இரண்டு வளையங்களும் இருந்தன. மூடியின் உள்பக்கம் ஊசியால் கீறி எழுதியிருப்பதை அவன் படித்தான்: "பின்னால் வாஷர் 2. தொலைக்காதே."

"இது யார் தாத்தா எழுதினது?" என்றான்.

நான்தான் என்றேன்.